சுடர் இல்லாத விளக்கு

“கொஞ்சம் பாத்துச் செய்ங்க... விளக்கோட சுடர் வெளிர் மஞ்சள்ல இருக்கு.”

“எல்லாம் எங்களுக்குத் தெரியும்ங்க. நீங்க அங்கிட்டுப் போய் ஒக்காருங்க.”

புதுக்கோட்டையின் அந்தச் சின்ன அச்சுக்கடையில், கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள் அன்புமொழி. காலை மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றவன் பெயர் கோபிநாத். ஊர் மீமிசல். மறுநாள் தங்கச்சிக்குக் கல்யாணம். தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் துணிப்பைகளுக்காக, குத்துவிளக்கும் மயிலுமாக அவனே கம்ப்யூட்டரில் கலர் கலராக வரைந்து கொண்டுவந்திருந்தான். வேறொரு கடை கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதாம்.

“இந்தக் கலரெல்லாம் பையில வராதா?”

“ஒத்தக் கலர் மைதாங்க. கருப்பு வெள்ளைப் படமா மாத்துனாத்தான் அச்சுக்கு ஏறும். ஒண்ணு கருப்பு, இல்லாட்டி வெள்ளை. நடுவுல ‘ஒரு மாதிரி’க்கெல்லாம் இங்க எடம் கெடையாது.”

அவன் சிரித்தான். நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துத் தொலைத்தாள். அந்தப் படபடப்பிலேயே படத்தை மாற்றினாள். சரிபார்க்கவில்லை. தெரிந்த வேலைதானே என்ற திமிர் வேறு!

ஓனர் அச்சடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கோபிநாத் பை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான்... “வாரேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கோணலாக அச்சாகி ஒதுக்கிப் போட்ட பை ஒன்று மேசையில் கிடந்தது. சும்மா எடுத்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது.

விளக்கு இருந்தது. திரி இருந்தது. சுடரைக் காணோம்!

வெளிர் மஞ்சள் முழுக்க வெள்ளையாக மாறி, அச்சில் விழாமலே போயிருந்தது. கல்யாண வீட்டில் அணைந்த விளக்கா? அவன் அம்மா பார்த்தால் என்ன ஆவார்? வந்தவர்களில் ஒருத்தர் வாய்விட்டால் போதுமே, அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபடும்! அவன் சொல்லத்தானே செய்தான்...

குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். மீமிசல் பஸ் கிளம்பியிருக்குமோ? பஸ் ஸ்டாண்டில் விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஓடினாள். ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். கடவுளே, போயிருக்கக் கூடாது...

போகவில்லை. ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பை, கையில் புதுச் சிவப்பு மார்க்கர். குனிந்து, திரியின் நுனியில் சுடர் வரைந்துகொண்டிருந்தான்.

அன்புமொழிக்கு மூச்சு வாங்கியது. “அப்ப... பாத்துட்டீங்களா?”

“கடையிலயே பாத்துட்டேங்க.”

“ஏன் சொல்லல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?” அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஓனர் பக்கத்துல நின்னாரு. ஒங்கள ஏதாச்சும் சொல்லிருவாரோன்னு... மனசு வரல. எல்லாத்துலயும் நானே வரஞ்சுக்கலாம்னு...”

“தப்பு என்னோடது. நீங்க சொல்லியும் கேக்கல. மன்னிச்சிருங்க.” யாரிடமும் அவள் லேசில் சொல்லாத வார்த்தை அது. “எந்திரிங்க. சுடர மட்டும் தனியா செவப்பு மையில போட்டுத் தாரேன்.”

கடையில் ஓனர் டீ குடிக்கப் போயிருந்தார். படத்தில் கருப்பாக இருக்கும் இடத்தில்தான் மை விழும் என்பதால், அன்புமொழி சுடரை மட்டும் பிரித்துக் கருப்பாக்கினாள். “இந்தத் தடவ நீங்களும் பாருங்க.”

அவன் படத்தைப் பார்க்கவில்லை.

“என்னைய ஏன் பாக்குறீங்க?”

“தெரியல... காலையிலேருந்து ஒரு மாதிரி...”

“அதுக்குத்தான் இங்க எடம் கெடையாதுன்னு சொன்னேன்ல?” இந்தத் தடவையும் சொல்லாமலே பஸ் ஏறிவிடுவானோ? “புடிச்சிருக்கா... இல்லையா?”

அவன் கையிலிருந்த மார்க்கரை மேசையில் வைத்தான்.

“புடிச்சிருக்குங்க. ரொம்ப.”

சுடருக்கான அச்சுச் சட்டம் தயாரானதும், அதன்மேல் சிவப்பு மையை இழுத்து முதல் பையில் பதித்தாள். விளக்கு எரிந்தது.

“எனக்கும்தான்...” என்றாள், தலையை நிமிர்த்தாமலே. “நாளைக்கு நானும் வாரேன். எனக்கும் ஒரு பை எடுத்து வைங்க.”