முடியும்வரை கேட்டவர்கள்

பொய்யாக ஏற்றப்படும் எண்ணிக்கை எப்போதும் அவசரப்படும். ஒரே மூச்சில் நூறு பதிவிறக்கம் ஏறும், பிறகு கூலி வாங்கிக்கொண்டு போனவனைப்போல அசையாமல் கிடக்கும். பஸ்லினாவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்று அஸர் தொழுதுவிட்டுக் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் கண்ட கோப்பு அவசரப்படவில்லை. ஒன்று ஏறியது. சற்றுப் பொறுத்தது. இன்னொன்று ஏறியது. பிறகும் பொறுத்தது.

வெளியே கலகெதர மலைச்சரிவை மழை மூடியிருந்தது. மாலை நேரம்தான், ஆனாலும் விளக்குப் போடாமல் விசைப்பலகை தெரியவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலுக்கு அடியில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், கூடத்தில் பாயில் பரப்பிக் காயவைத்திருந்த கராம்பின் காரமான வாசமும், அடுத்த அறையில் மகள் ஆஸிகா கதிரையை இழுக்கிற சத்தமும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து வந்தன. கணவன் றிஸ்வி கண்டியில் கடையைப் பூட்டிவிட்டு வர இரவு இஷாத் தொழுகை நேரம் ஆகிவிடும். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான்.

சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் குறிப்புகளும் ஒலிப்பாடங்களும் பகிர்ந்துகொள்ளும் தளம் அது. பல்லேகலயில் இரண்டு அறை எடுத்து அரூஸ் என்பவர் நடத்துகிறார். பதிவிறக்கத்திலும் நட்சத்திரத்திலும் கள்ளவேலை நடக்காமல் பார்ப்பது பஸ்லினாவின் பொறுப்பு. கோப்பை நீக்கும் அதிகாரம் அரூஸிடம் மட்டும். டியூஷன் மாஸ்டர்மார் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் தன் வகுப்பு முழுவதையும் வரிசையாக உட்காரவைத்து, பாடத்தைத் திறக்காமலே ஐந்து நட்சத்திரம் குத்த வைத்தார். அந்த வயிற்றெரிச்சலில்தான் பஸ்லினா புது விதி கொண்டுவந்தாள். ஒலிப்பாடத்தை இடையில் தாவாமல், நிறுத்தாமல், கடைசிவரை கேட்டவருக்கு மட்டுமே நட்சத்திரம் திறக்கும். விதி வந்த நாளிலிருந்து கள்ளர்கள் வாலைச் சுருட்டிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் பெருமை, மறைப்பானேன்.

இந்தக் கோப்பு அந்த விதியைத் தாண்டி வந்திருந்தது. பெயர், 'சுவாசம் – ஒலிப்பாடம்'. ஏற்றியவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. கேட்டவர்கள் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஒரு நாலுகூட இல்லை. எல்லாம் வேறு வேறு போன்கள், வேறு வேறு ஊர்கள், உண்மையான பிள்ளைகள். அவர்களில் ஒருவரும் அதற்குப் பிறகு தளத்துப் பக்கம் வரவே இல்லை.

சந்தேகம் வந்தால் நட்சத்திரம் போட்டவருக்குப் போன் எடுத்து விசாரிப்பது வழக்கம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் சதீஸ் என்ற பையனின் வீட்டு இலக்கத்தை அழுத்தினாள். எடுத்தது தாய், ரத்தினம்மா.

"மிஸ், நீங்க அந்தப் பாடம் போடுற எடத்துல இருந்தா பேசுறீங்க?" அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். "மகன் பேச மாட்டேங்குறான்ங்க மிஸ். முந்தாநாளு அதக் கேட்டு முடிச்சான். அதுலருந்து வாய் மட்டும் அசையுது, சத்தம் வரலைங்க. ஆஸ்பத்திரியில தொண்ட நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"பயந்திருப்பான். அவன்ட போனை எடுத்து வச்சிருங்க."

"எடுத்து அணைச்சேன் மிஸ். மூச்சு நின்னுபோச்சுங்க. மொகமெல்லாம் நீலம் பாரிச்சிருச்சு. திரும்பப் போட்டாத்தான் மூச்சு வருது. எறக்கி வச்சதுதான் ராவும் பகலும் ஓடுது." விம்மிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பாடத்துக்குள்ள பிள்ளைங்க சேர்ந்து ஒப்பிக்குதுங்கல்ல? அதுல எம்மகன் கொரல் கேக்குதுங்க மிஸ். பெத்தவளுக்குத் தெரியாதா? முழுசாக் கேக்கத் தாங்காம ஒவ்வொரு தடவையும் வெளிய ஓடியாந்துர்றேன்."

மனம் குழம்பிய பெண் என்று பஸ்லினா தனக்குள் சொல்லிப்பார்த்தாள். மனம் ஏற்கவில்லை. பொய்க் கணக்கு என்று நிரூபித்துவிட்டால் அடுத்த நிமிடமே அரூஸைக்கொண்டு கோப்பை எடுக்கவைத்துவிடலாம். கணக்கு பொய்யாகவே இருக்கட்டும் என்று முதல்முறையாகத் துஆக் கேட்டாள். மழை ஒரு பிடி கூடியது. எண்ணிக்கை ஒன்று ஏறியது.

அரூஸுக்கு எடுத்தாள்.

"அரூஸ் நானா, அந்த சுவாசப் பாடத்த உடனே எடுங்க. காரணம் பிறகு சொல்றன்."

"அதத்தான் தங்கச்சி நானும் கேட்டுட்டு ஈக்கிறன். இவ்வளவு நட்சத்திரம் வாங்கினது யாரெண்டு பாக்கத்தானே வேணும்? ஒரு மனிசி ஒவ்வொரு வரியாச் சொல்றா, பிள்ளையள் திருப்பிச் சொல்லுது. நல்ல வடிவான குரல்."

"நிப்பாட்டுங்க நானா! அல்லாஹ்வுக்காக நிப்பாட்டுங்க!"

"கடைசி வரிதான் தங்கச்சி. முடியப்..."

அவ்வளவுதான். இணைப்பு அறுபடவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. உதடு ஒட்டிப் பிரிகிற ஈரச் சத்தம் கேட்டது. நானா, நானா என்று இவள் கத்தினாள். ஈரச் சத்தம் மட்டுமே வந்தது.

திரையில் எண்ணிக்கை ஏறியது. அரூஸ். ஐந்து நட்சத்திரம்.

இனிக் கோப்பை நீக்க உலகத்தில் ஆள் இல்லை. 'இப்போது கேட்பவர்கள்' என்ற பகுதியைத் திறந்தாள். யாராயிருந்தாலும் கூப்பிட்டுத் தடுக்கலாம், ஒரு பிள்ளையையாவது தடுக்கலாம். அங்கே ஒரே ஒரு பெயர்.

ஆஸிகா. கலகெதர.

உட்கார்ந்திருந்த கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடத்தில் கராம்பு காலில் குத்தியது. கதவைத் தள்ளினாள். மகள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, மடியில் போனோடு இருந்தாள்.

"மகள்! கழட்டு அத!"

ஆஸிகா ஒரு விரலை உயர்த்தினாள். "கொஞ்சம் நில்லுங்க உம்மா. முடியப் போகுது. முழுக்கக் கேட்டாத்தானே ஸ்டார் போடேலும்? நீங்கதானே அப்படி வச்ச."

பஸ்லினா பாய்ந்தாள். காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். போனைப் பறித்துப் பாடத்தை நிறுத்தினாள். ஆனால் பறிக்கும்போதே கடைசி வரி முடிந்து, மகளின் பெருவிரல் ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்திவிட்டது.

"மகள், ஏதாவது சொல்லு. உம்மாண்டு சொல்லு."

ஆஸிகா சொன்னாள். உதடு சொன்னது. சத்தம் வரவில்லை. பிள்ளை தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். கண் பெரிதாகியது. பிறகு நெஞ்சு அசையவில்லை. உதட்டோரம் நீலம் ஏறியது. ரத்தினம்மா சொன்ன அதே நீலம்.

என்ன செய்வாள்? எந்தத் தாய் என்ன செய்வாள்? பாடத்தை மறுபடி ஓடவிட்டாள்.

மூச்சு வந்தது.

போனின் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்குரல், பொறுமையாக, அன்பாக: "மூச்சு உள்ளே வரும்போது விலா என்புகள் உயரும்." வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது. ஆஸிகாவின் நெஞ்சு உயர்ந்தது. "மூச்சு வெளியேறும்போது விலா என்புகள் தாழும்." திருப்பிச் சொன்னார்கள். நெஞ்சு தாழ்ந்தது. அந்தக் குரல்களின் நடுவில் ஓர் ஆணின் கனத்த குரல். அதற்குப் பின்னால், எல்லாருக்கும் பிந்தி, இன்னும் பழகாத ஒரு குரல். ஆஸிகாவின் குரல். வரிக்கும் வரிக்கும் இடையில் அது மெல்லக் கூப்பிட்டது. "உம்மா. உம்மா, இருட்டாக் கிடக்கு."

காதைப் பொத்த நினைத்தாள். முடியவில்லை. பொத்தினால் மகளின் குரல் போய்விடும். ஒலியைக் குறைத்தாள், மகள் இரண்டு கைகளாலும் காற்றைப் பிறாண்டினாள். கூட்டினாள். றிஸ்விக்கு எடுக்கலாம், ஆனால் அவரும் கேட்பார். யாரைக் கூப்பிட்டாலும் கேட்பார்கள். யா அல்லாஹ், இந்த ஒரு பிள்ளைதான் எனக்கு என்று அழுதாள். பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மகள் இல்லை. நிறுத்தாவிட்டால் முடிவு வரும்.

கடைசி வரி வந்தது.

மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சின்ன நெஞ்சு தன் நெஞ்சோடு ஏறி இறங்குவதை உணர்ந்தாள். பாடம் முடிந்தது. அமைதி. மழைகூட ஓய்ந்த மாதிரி. பிறகு, யாரும் தொடாமலே, பாடம் முதலிலிருந்து தொடங்கியது.

பஸ்லினா வாயைத் திறந்து அலறினாள். அறையில் சத்தமே எழவில்லை.

கட்டிலில் கிடந்த போனிலிருந்து அவளுடைய அலறல் கேட்டது. ஆசிரியை நிறுத்தி, அது முடியும்வரை பொறுத்தாள். பிறகு பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, ஒரே குரலில், அதைத் திருப்பிச் சொன்னார்கள்.