ஆள் வந்த தடம்

அஞ்சலாட்சிக்கு இடுப்பு நிமிரவில்லை. களை கொத்திக் குனிந்தே பழகிய இடுப்பு, கிணற்று மேட்டில் சும்மா உட்கார்ந்ததில் வலி கண்டிருந்தது.

சாலைக்கு இப்போது யாரும் கோடு போடுவதில்லை. முன்பு பொறியாளர்கள் வரைந்தார்கள். பெரிய மனிதரின் தோப்பு குறுக்கே வந்தால் வளைத்தார்கள். அதை ஒழிக்கத்தான் தடங்கணி என்ற இயந்திரம் வந்தது. சட்டைப்பையில் கிடக்கும் செல்போன் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று மாவட்டம் முழுக்கப் பார்க்கும். சனம் போகிற பக்கம் சாலை. கெடு நாள்வரை கணக்கைத் திருத்திக்கொண்டே வரும். அதற்குப் பின் மந்திரி சொன்னாலும் கோடு மாறாது. சனங்களுக்கும் அது பிடித்திருந்தது.

அது போட்ட உத்தேசக் கோடுகளில் ஒன்று அஞ்சலாட்சியின் கிணற்றை உரசிப் போனது. அந்தக் கிணறும் அரை ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லையும் தவிர அவளுக்கு வேறொன்றும் இல்லை.

கூலிக்கு ஆள் வைக்க அந்தப் பக்கத்தில் யாருக்கும் வக்கில்லை. நீ என் கொல்லைக்கு வந்தால் நான் உன் கொல்லைக்கு வருவேன், மாற்றாள் என்பார்கள். நாலு ஊருக்கும் போய் உழைத்தவள் கிணற்றைக் காக்கக் கூட உட்காரக் கூப்பிட்டதும் நாலு ஊரும் வந்தது. களையெடுக்க வருவதுபோலவே காலையில் தூக்குச்சட்டியோடு வந்து, பொழுது சாய்ந்ததும் போனார்கள். முதல் வாரம் அவள் உழைப்புக்கு ஈடு. அதற்கு மேல் வந்ததெல்லாம் அவள் திருப்பிப் போக வேண்டிய நாட்கள்.

“எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பேரு வரலக்கா,” என்றான் கீழ்க்கரை தேசிங்கு. கூட்டத்தைக் கண்டால்தான் பயப்படுவார்கள் என்று மேலும் ஆள் திரட்டியவனும் அவன்தான்.

கெடு முடிந்த மறுநாள் உதவிப் பொறியாளர் ரெபேக்கா வந்து கைத்திரையில் கோட்டைக் காட்டினாள். கோடு கிணற்றை உரசவில்லை. அதன் மேலேயே ஏறி நின்றது. அங்கிருந்து நாலு ஊருக்கும் நாலு கிளை, ஆட்கள் வந்த தடத்திலேயே.

“வந்தவங்க எதுக்கு வந்தாங்கன்னு அதுக்குத் தெரியாதும்மா. வந்தாங்கன்னு மட்டுந்தான் தெரியும்.”

யாருமே வராமல் இருந்திருந்தால் என்று அஞ்சலாட்சி கேட்டாள். கிழக்கே புறம்போக்கு வழியாகப் போயிருக்கும் என்றாள் ரெபேக்கா, அவள் முகத்தைப் பார்க்காமல். போராட்டம் என்று தானும் சொல்லிப் பார்த்தாளாம். அதை ஏற்றுவதற்கு இயந்திரத்தில் இடமில்லையாம்.

தேசிங்கு திரையை வாங்கி விரலால் பெரிதாக்கினான். கீழ்க்கரைக் கிளை அவன் கொல்லையை நடுவில் பிளந்து போனது. குறுக்கு வழியென்று தினமும் அதன் வழியாகத்தான் அவன் வண்டியை ஓட்டி வந்தான். யாரையும் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எனக்காவத்தான வந்த,” என்றாள் அஞ்சலாட்சி.

“வராம எப்பிடிக்கா.”

மற்றவர்கள் கொல்லை என்னவாயிற்று என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சாலைக்கு எல்லைக்கல் நட ஆவணி ஆகும் என்று ரெபேக்கா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதற்குள் வந்து களையெடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றாள் தேசிங்கிடம்.

“எதுக்குக்கா, ரோட்டுக்கா?”

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அஞ்சலாட்சி அவனுக்கு ஒரு களையெடுப்பு பாக்கி.