ஒன்பது மணி லொறி

1934, யட்டியாந்தோட்டை. காலை ஆறு மணிக்குக் கடை திறக்க வந்த முக்தார் முதலாளி, "அல்லாஹ்! புதுச் சேலை மூட்டையைக் காணல்லையே!" என்று போட்ட கூச்சலில் பசாரே கூடிவிட்டது.

கள்ளியைத் தேடி யாரும் அலையவில்லை. கடை விறாந்தையிலேயே கைக்குழந்தையோடு கிடந்தாளே இருளாயி! றப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பியவர்களில் ஒருத்தி. குடியிருந்த லயக் காம்பிராவும் போச்சு. புருஷனும் காய்ச்சலில் போய்விட்டான். நாலு மாதமாகக் கடைக்குக் கடை விறாந்தையில் படுக்கை, விடிந்தால் விரட்டு. வீடில்லாதவள் மேல் பழி போட யாருக்குத்தான் யோசனை வேண்டும்?

ஆறரைக்கு பொலிஸ் சார்ஜன் மர்சூக் வந்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பசாரில் பேச்சு. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இருளாயி ஓடி வந்து கும்பிட்டாள். "ஐயா, ஒன்பது மணி லொறியில எகலியகொட தோட்டத்துக்கு ஆள் ஏத்துறாங்க. முத்துவீரன் கங்காணி எனக்கும் ஒரு காம்பிரா தர்றேன்னிருக்காரு. என்னைய முதல்ல கேட்டு விட்டுருங்க."

"உன் முறை வரட்டும். அப்படி உட்காரு."

முதலாளியை விசாரித்தார். தேத்தண்ணீர் வந்தது, குடித்தார். பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. முன்பலகைக் கதவின் பூட்டும் உடையவில்லை. அப்புறம் முதலாளியின் மச்சான் அஸீஸ். கடைக்குள் படுப்பவன், இருளாயி மூட்டையோடு போனதைக் கண்டதாகச் சொன்னான்.

"எத்தனை மணிக்கு?"

"மூணு இருக்கும். சோ எண்டு மழை. பலகையைப் பூட்ட மறந்துட்டேன். சத்தம் கேட்டு எழும்பினா, மூட்டையோட மழைக்குள்ள போறா. கொஞ்ச நேரத்தால வெறுங்கையோட வந்து படுத்தா."

"இவள்தானா?"

"வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை! என்ட கண்ணால கண்டேன்."

மழை இரண்டுக்குப் பிடித்து ஐந்துக்குத்தான் விட்டது. அது ஊருக்கே தெரியும்.

எட்டே முக்கால். வியாபாரம் கெடுகிறதே என்று முதலாளி விறாந்தையைக் கழுவ வாளியைத் தூக்கினார்.

"நிறுத்துங்க!"

விறாந்தை முழுக்கச் சாரலில் நனைந்து கறுத்துக் கிடந்தது. பலகையடியில் மட்டும், ஒரு பொம்பளையும் குழந்தையும் சுருண்டு படுக்குமளவுக்குத் தரை வெளுத்துக் காய்ந்திருந்தது.

மர்சூக் முதல் தடவையாக இருளாயியிடம் திரும்பினார். "மழை நேரம் எங்க இருந்த?"

"அந்தப் பலகையை ஒட்டித்தாங்க. மழை விடுற வரைக்கும் அசையல. அசைஞ்சா புள்ள நனைஞ்சிருமே."

"கேட்டீங்களா அஸீஸ்? மூணு மணிக்கு இவ எழும்பியிருந்தா இந்த இடமும் நனைஞ்சிருக்கும். இவளைத் தாண்டாம யாரும் உள்ள வரவும் ஏலாது. பின்கதவும் உள்தாழ்ப்பாள். உள்ள இருந்தது நீங்க ஒராள். மூட்டை எங்க?"

அஸீஸ் தலையைக் குனிந்தபடி பின்பக்கம் கை காட்டினான். மூட்டை பின்வளவு விறகுக் கொட்டிலில் கிடந்தது. அதை எடுத்து, அஸீஸையும் பொலிஸ் வண்டியில் ஏற்றி முடிக்க மணி ஒன்பதே கால்.

"நீ போகலாம்மா," என்றார் மர்சூக்.

"எங்கங்க போறது? லொறி போயிருச்சுங்களே."

மர்சூக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது.

"ஆறரைக்கே கேட்டிருந்தாலும் இதைத்தானேங்க சொல்லியிருப்பேன்," என்றாள் இருளாயி.