பொய் சொல்லாத மீட்டர்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் இரண்டு கண்கள்மேல் ஆணை. அது போதாதென்றால் போன மாதம் கட்டிய என் பல்செட்மேலும் ஆணை. நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நம்புவது உங்கள் பாடு.

மெக்கானிக் அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது, காரில் மாட்டவேண்டிய மூன்று மீட்டர்களும் ஸ்பாஞ்சுக்குள் புதைந்து கிடந்தன. கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டங்கள். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், ஆரஞ்சு முள். ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று ஆயில் அழுத்தத்துக்கு, ஒன்று என்ஜினுக்குள் போகும் காற்றுக்கு. வெப்பம் காட்டுவதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஒயர் இணைக்கவில்லை. பேட்டரி பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் முள் அசைந்தது. படுக்கையிலிருந்து சோம்பல் முறித்து எழுகிறவனைப் போல மெல்ல நிமிர்ந்து, ஏறி, முப்பத்தேழில் போய் நின்றது. பெட்டியில் திரும்ப வைத்தான். முள் இறங்கிப் படுத்துக்கொண்டது. மறுபடி எடுத்தான். மறுபடி முப்பத்தேழு.

"கைச்சூடு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னானே தவிர, சூட்டை உணரவேண்டிய சென்சார் பிரிக்காத பிளாஸ்டிக் பையில் தனியாகக் கிடந்ததை அவன் பார்க்காமல் இல்லை.

அந்தக் கார் அவன் தங்கை புருஷனுடையது. மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்துதான் பட்டறை நடத்தினார்கள். பலகையில் பெயர் மெக்கானிக்குடையது. வாசலில் கூட்டம் மாப்பிள்ளைக்கு. வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, வண்டியின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். இந்தக் காருக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தியதும் அவன்தான். சூப்பர்சார்ஜர் என்றால் வேறொன்றுமில்லை. மற்ற என்ஜின்கள் தாமாக மூச்சு இழுத்துக்கொள்ளும். இதற்கு, பெல்ட்டில் சுற்றும் ஒரு பெட்டி காற்றை அள்ளி வாயில் திணிக்கும், சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல. அந்த வண்டி தெருவில் போனால் மொட்டைமாடியில் காயும் துணிகள் கொடியை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் அதன் பின்னால் வரும். பெரும்பாலும் திரும்பிவிடும். ஒரு போர்வை மட்டும் திரும்பவில்லை.

மெக்கானிக்குக் கண் எரிந்தது. ஒரு நாள் மாப்பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, டேஷ்போர்டில் இருந்த பழைய வெப்ப மீட்டரைக் கழற்றி, முள்ளை நெம்பி எடுத்து, கொஞ்சம் கீழே தள்ளி மறுபடி குத்தி வைத்தான். வண்டி கொதித்தாலும் முள் பாதியில் நிற்கும். என்ஜின் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கட்டும், நாலு பேர் பார்த்துச் சிரிக்கட்டும், அவ்வளவுதான் நினைத்தான். அப்படித்தான் இன்றுவரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டும் இருந்தான்.

வண்டி நின்ற இடத்தில் சிரிக்க ஆள் இல்லை. மலைவளைவு, பனிமூட்டம். மாப்பிள்ளை பானெட்டைத் திறந்திருக்கிறான். ஹோஸ் வெடித்துக் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கிறது. கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து சாலைக்கு நடுவே போயிருக்கிறான். லாரி வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவன் இருந்தது லாரிக்குத் தெரியவில்லை. காரில் ஒரு கீறல் இல்லை.

இப்போது கார் தங்கை வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்றது. இறப்பதற்கு முன் மாப்பிள்ளை ஆர்டர் போட்ட பார்சல் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. மெக்கானிக் உடனே கிளம்பி வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். புதிய மீட்டர் மாட்டுகிற சாக்கில் அந்தப் பழைய மீட்டரைக் கழற்றி எடுத்துப்போய் உடைத்துவிடலாம். அதற்கப்புறம் உலகத்தில் ஒரு சாட்சி இருக்காது.

தங்கை ஷெட் வாசலில் நின்றாள். வெளியே மாலை மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? வண்டியையே வித்துத் தள்ளிடலாம்."

"மாட்டுண்ணா. மாட்டிட்டு நீயே எடுத்துக்கோ. ரொம்ப நாளா கண்ணு வெச்சிருந்தியே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வண்டி நின்னதும் எனக்குத்தான் போன் பண்ணினார். 'முள்ளு பாதியிலதான் நிக்குது, ஆனா தண்ணி கொதிக்குதுடி, என்ன கூத்து இது'ன்னு சிரிச்சார். அந்த மீட்டரைக் கடைசியா தொட்டது யாருண்ணா?"

"பழைய மீட்டர் அப்படித்தாம்மா. அதுங்களுக்கும் வயசாகும்ல."

"ஆகும் ஆகும்." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தத் தடவையாவது பொய் சொல்லாதபடி மாட்டு."

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுப் போனாள்.

அவன் வேலையில் இறங்கினான். பழைய மீட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டதும் மனசு பாதி லேசானது. முன்கண்ணாடியோரத் தூணில் மூன்று குழி கொண்ட பிளாஸ்டிக் கூட்டைத் திருகினான், வெப்பச் சென்சாரைத் தண்ணீர் ஹோஸிலும் அழுத்தச் சென்சாரை என்ஜினின் இடுப்பிலும் பொருத்தினான், என்ஜினின் காற்றுப் பாதையிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் குழாயை இழுத்து, என்ஜினை உட்புறத்திலிருந்து பிரிக்கும் தடுப்புத் தகட்டின் ஓட்டை வழியாகக் காருக்குள் கொண்டுவந்து காற்று மீட்டரின் பின்பக்கத்தில் செருகினான். மழையின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. பழைய கிரீஸின் நெடி, என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் திகட்டும் இனிப்பு, நனைந்த ரப்பர், இவை எல்லாவற்றுக்கும் பின்னால், யாரோ இப்போதுதான் வாயைத் திறந்து மூடியதுபோல, மெல்லிய புதினா வாசனை.

சீட் துணியில் ஊறியிருக்கும் என்று நினைத்தான். மாப்பிள்ளை உட்கார்ந்த இடம்தானே.

டிரைவர் சீட்டில் சாய்ந்து, விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சாவியை ஒரு படி திருகினான். மூன்று முகங்களும் ஆரஞ்சில் மலர்ந்தன. நல்ல வேலை. சாவியை உருவிப் பக்கத்து சீட்டில் போட்டான்.

விளக்கு அணையவில்லை.

எங்கோ ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், நேராக பேட்டரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக் குனிந்தவன், காற்று மீட்டரைப் பார்த்து அப்படியே உறைந்தான். பூஜ்யம் நடுவில் இருக்கும் மீட்டர் அது. என்ஜின் இழுத்தால் முள் இடப்பக்கம் சாயும், சூப்பர்சார்ஜர் திணித்தால் வலப்பக்கம். இப்போது என்ஜின் ஓடவில்லை, முள் ஓடியது. இடப்பக்கம் மெதுவாக. நின்று. வலப்பக்கம் மெதுவாக. நின்று. தூங்கும் குழந்தையின் வயிற்றைப் போல.

கொஞ்ச நேரம் ஆனது அவனுக்குப் புரிய. அவன் மூச்சை இழுத்தபோது முள் இடப்பக்கம் போனது. விட்டபோது வலப்பக்கம் வந்தது.

மூச்சைப் பிடித்தான். முள் நின்றது.

ஆயில் அழுத்த முள் நிற்கவில்லை. அது சின்னச் சின்னதாகத் துள்ளியது. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். ஒரே துள்ளல். வெப்ப முள் முப்பத்தேழில் நின்றிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையில் டீ குடிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை சொல்லுவான்: "உனக்கு ஒரு மீட்டர் மாட்டணும் மச்சான். உள்ள என்னதான் ஓடுதுன்னு ஒரு பய கண்டுபிடிக்க முடியல." எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். இப்போதும் சிரித்தான். அழுத்த முள் சிரிப்புக்குத் தகுந்தபடி குதித்தது.

சிரிப்பை நிறுத்தினான். மூச்சை மறுபடி பிடித்தான், இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று.

முள் நின்றது.

பிறகு, அவன் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, முள் தானாக இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. அவன் நெஞ்சு விரிந்தது. அவன் விரிக்கவில்லை. உதடுகள் பிரிந்தன. அவன் பிரிக்கவில்லை. காற்று உள்ளே போனது. முள் போகும் வரைக்கும் போனது. விலா எலும்புகள் நெறிந்தன.

முள் நின்றது. அவனும் நின்றான்.

இதுவரை முள் அவனைப் பார்த்து நடந்தது. இனி அவன் முள்ளைப் பார்த்து நடக்க வேண்டும்.

கதவுக்குக் கையை நீட்டினான். அழுத்த முள் சரிந்தது. கை பாதியில் தொங்கியது, ஈரத்துணி மாதிரி. விரல்நுனிகள் குளிர்ந்தன. வெப்ப முள் முப்பத்தைந்து. முப்பத்துமூன்று. பற்கள் அடித்துக்கொண்டன. இருந்த கொஞ்ச பலத்தையும் திரட்டி, மீட்டருக்குப் பின்னால் கைவிட்டு ரப்பர் குழாயைப் பிடித்தான். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. வாயின் உட்புறம் மாதிரி.

பிடுங்கினான்.

முள் அசைந்துகொண்டே இருந்தது. குழாயின் நுனி அவன் முகத்துக்கு நேரே. அதிலிருந்து காற்று வந்தது. புதினா.

"மச்சான்."

வெளியே மழை நின்றிருந்தது.

"மூச்சை விடு, மச்சான்."

அவன் விடவில்லை. பல்லைக் கடித்தான். தலையை ஆட்டினான். முள் வலப்பக்கம் கிளம்பியது. அவசரமே இல்லாமல். பூஜ்யத்தைத் தாண்டியது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அவன் மூச்சு வெளியே போனது. நேராக அந்தக் குழாய்க்குள். இன்னும். இன்னும். இவ்வளவு மூச்சு தனக்குள் இருந்ததா என்று வியக்கும் அளவுக்கு. கண்ணில் இருந்த வெளிச்சமும் அதோடு போனது. பெயரும் போனது.

இருட்டு.

பிறகு ஆரஞ்சு.

முதலில் தெரிந்தது கண்ணாடி. வட்டமானது, மிகக் கிட்டத்தில். அதற்கு அப்பால் ஒரு மனிதன் டிரைவர் சீட்டில் சாய்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. சட்டைப் பையில் ஏதோ உப்பியிருந்தது. அந்தச் சட்டையை அவனுக்குத் தெரியும். காலையில் அவன்தான் பொத்தான் போட்டான்.

கத்தினான். ஒரு முள் அசைந்தது. அவ்வளவுதான்.

ஷட்டர் ஏறும் சத்தம். செருப்புச் சத்தம். தங்கை கதவைத் திறந்து, சீட்டில் இருந்தவனின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அவன் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மடிமேல் வைத்தாள். பிறகு நிமிர்ந்து மீட்டர்களைப் பார்த்தாள். முப்பத்தேழு. ஒரே சீரான துள்ளல். இடமும் வலமுமாக மூச்சு.

அவள் முகம் நெருங்கி வந்தது. வட்டம் முழுக்க அவள் கண்தான். துள்ளல் வேகமானது. தறிகெட்டது.

"அட," என்றாள். "என்னைத் தெரியுதா?"

நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

"இப்பதான் உண்மையைக் காட்டுது."

அண்ணன் கையிலிருந்து நழுவிக் கிடந்த ரப்பர் குழாயை எடுத்தாள். தடவிப் பார்த்து, மீட்டரின் பின்னால் கொண்டுபோய், இறுகச் செருகினாள். புருஷன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், கை தடுமாறவில்லை. பக்கத்து சீட்டிலிருந்த சாவியை எடுத்துத் திருகினாள்.

என்ஜின் எழுந்தது. சூப்பர்சார்ஜர் பெல்ட் சீறியது. மழையில் நனைந்த தகரக்கூரை அதிர்ந்தது. திறந்த வாயோடு சாய்ந்திருந்தவனின் நெஞ்சு ஒரு தரம்கூட எழவில்லை. கண்ணாடிக்குப் பின்னால்தான் காற்று வந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கொள்ளாத அளவுக்கு.

அவள் குனிந்து, அவனுடைய செத்த முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவன் பாதத்துக்கு அடியில் ஆக்ஸிலரேட்டர்.

மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாக, மிக மெதுவாக, அழுத்த ஆரம்பித்தாள்.

அந்தக் கார் அடுத்த வாரம் ஏலத்துக்கு வருகிறது. கேட்கப்போகிறவர்களில் நானும் ஒருவன்.