நீலக் கரண்டி

ஓய்வுநாள் தொடங்க இன்னும் இரண்டு மணி பத்து நிமிடம் இருந்தது. சூரியன் இறங்கிவிட்டால், எருசலேமில் தீர்சாவின் வீட்டில் நாளை இரவு வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது.

“டேய் யோத்தாம்! என்னடா பண்ணினே?” அம்மா அலறினாள்.

ஆறு வயது யோத்தாம் கொதிக்கிற ஆட்டிறைச்சிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தான், நீலக் கரண்டியால். நீலம் பாலுக்கு. சிவப்புதான் இறைச்சிக்கு. இரண்டும் சேரக் கூடாது என்பது யூதர்களின் வேதமான தோராவின் சட்டம்.

“அடி பிடிக்குதேன்னு கிண்டினேன்.” அவன் உதடு பிதுங்கியது.

“பெரிய சமையல்காரர்! மாமா வீட்டுல எல்லாரும் வர்ற நாளாப் பாத்து...”

அம்மா, இந்தச் சட்டங்களுக்கு விளக்கம் சொல்லும் குருவான ரபிக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு இப்படி நிறைய அழைப்புகள் வரும்.

“பானை பெரிசாம்மா? ரொம்பப் பெரிசுன்னா கரண்டியில இருக்கிற பால் ருசி கணக்கில்லை” என்று கேட்டார்.

“சின்னதுதான், ரபி.”

“அந்தக் கரண்டி கடைசியா எப்போ சூடான பால்ல பட்டுச்சு?”

அம்மா யோசித்தாள். “புதன்கிழமை காலையில.”

“அப்போ முழுசா ஒரு நாள் தாண்டிடுச்சு. கரண்டியில ஊறின பால் ருசி கெட்டுப்போயிருக்கும். குழம்பைத் தாராளமா சாப்பிடலாம்.”

யோத்தாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குதித்தான்.

பத்து வயது தீர்சா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

சொன்னால் குழம்பு குப்பைக்குப் போகும். தம்பி அழுவான். மாமா வீட்டார் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். சொல்லாவிட்டால்? சட்டப்படி சமைத்தது என்று நம்பி எல்லோரும் சாப்பிடுவார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். சட்டென்று பச்சைப் பானையை எடுத்தாள். அது பாலுக்கும் இல்லை, இறைச்சிக்கும் இல்லை. உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் போட்டாள். கூடவே பன்னிரண்டு முட்டை.

“என்னடி, கல்யாண வீடா? குழம்புதான் இருக்கே!”

“இதுவும் வேகட்டும்மா.”

“அக்காவுக்கு யானைப் பசி!” என்றான் யோத்தாம்.

“நீ போய் உப்பு எடுத்துட்டு வா, சமையல்காரரே.”

கிழங்கு வெந்தது. முள்கரண்டியால் குத்திப் பார்த்தாள். நன்றாக இறங்கியது. எட்டுப் பேருக்குப் போதும். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையோடு அம்மா முன்னால் நின்றாள்.

“அம்மா, ரபிக்கு இன்னொரு தடவை போன் போடு.”

“இப்போ என்னடி?”

“தம்பியைத் திட்டாதே. நேத்து சாயங்காலம் நீ கடைக்குப் போயிருந்தப்போ நான் பாலைக் காய்ச்சி, அந்தக் கரண்டியாலதான் கோகோ கலக்கினேன்.”