ஏரியில் மிதந்த கேன்

விஜயபுரம் தாண்டியதும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மகளின் தலையை மடியில் தாங்கிப் பின்சீட்டில் இருந்த கன்னிகாதான் அதை முதலில் பார்த்தாள்.

"இன்னாங்க அது?"

"டீசல்ல தண்ணி கலந்துகீது போல. ஒண்ணும் ஆவாது," என்றான் கோவர்த்தனன். ஆனால் வேகத்தைக் கூட்டினான்.

ஹரிப்ரியாவுக்கு மத்தியானத்திலிருந்தே மூச்சு இழுப்பு. எப்படியாவது புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மழை விட்ட சாயங்காலத்தில் வேர்க்கடலைக் கொல்லைகளின் ஈர மண்வாசனை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், வெளியிலிருந்து வராத இன்னொரு வாசனை, தேங்கிய நீரின் பாசி வாசனை, சீட்டுத் துணிக்குள்ளிருந்து ஊறி வருவதுபோல் மெல்ல எழும்பியது.

ஆந்திர எல்லைப்பக்கத்து வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். தமிழ்நாட்டுப் பக்கம் டீசல் விலை குறைவு. கேனில் வாங்கி வந்து ஊற்றிக்கொள்வார்கள். போன வாரம் வீட்டுக் கேன் ஓட்டையாகிவிட, கோவர்த்தனன் ஏரியில் மிதந்த ஒன்றை எடுத்து வந்தான். அதில் ஒரு கயிறு இருந்தது. நீச்சல் பழகும் பிள்ளைகள் கேனை முதுகில் கட்டிக்கொள்ளும் கயிறு. முடிச்சு அவிழவில்லை. சின்ன இடுப்பளவு வளையம். அவன் அதைக் கத்தியால் அறுத்து எறிந்தான். அதைக் கட்டியிருந்த பிள்ளை என்ன ஆயிற்று என்று கன்னிகா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

அதே ஏரியின் கரை மேல் கார் இருமியது. குலுங்கி நின்றது.

"கேனைக் கழுவனீங்களா இல்லியா?"

"நல்லா கழுவி வெயில்ல கவுத்து வச்சேன்டி!"

"காசு மிச்சம் புடிச்ச மூஞ்சியப் பாரு."

ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். "வஸ்துன்னாமம்மா," வந்துகொண்டிருக்கிறோம் என்றது ஒரு தெலுங்குக் குரல். வரத்தான் போகிறார்கள். ஆனால் நகரியிலிருந்து வர வேண்டும்.

கோவர்த்தனன் பானெட்டைத் தூக்கி டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தினான். "கொஞ்சம் தண்ணி வடிஞ்சா டீசல் வந்துடும். அப்புறம் கையால பம்ப் அடிச்சா ஸ்டார்ட் ஆவும்."

தண்ணீர் வடிந்தது. வடிந்துகொண்டே இருந்தது. தார் ரோட்டில் ஓடி, சரிவில் இறங்கி, ஏரிப் பக்கம் போயிற்று.

"டேங்க்கே இவ்ளோ புடிக்காதே," என்றான் அவன், தனக்குள்.

திருகை இறுக்கிவிட்டு ஃபில்டர் தலையிலிருந்த பம்பை அழுத்தினான்.

டக். டக்.

மடியில் இழுப்பு அடங்கியது. மகள் சீராக மூச்சுவிட்டாள். "மூச்சு சரியாயிடுச்சுங்க!" கன்னிகாவுக்கு அழுகை வந்தது.

அவன் சிரித்தான். பம்பை விட்டுக் கையைத் துடைத்தான்.

மகளின் மார்பு நின்றது.

"ஹரிமா?"

அசைவில்லை. முன்னால் அவன் மறுபடி பம்பில் கை வைத்தான்.

டக். மார்பு ஏறியது. டக். இறங்கியது.

அவள் உள்ளங்கையை மகளின் மார்பில் வைத்தாள். அவன் நிறுத்தினான். அதுவும் நின்றது.

"அடிங்க!"

"ஏன்டி?"

"நிறுத்தாதீங்க. இன்னா ஆனாலும் நிறுத்தாதீங்க."

அவள் குரலைக் கேட்டதும் அவன் மறுபடி அழுத்தத் தொடங்கினான்.

இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டில் எந்த வெளிச்சமும் இல்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் மகளின் உதட்டோரம் தண்ணீர் கசிந்தது. பச்சையாக. பாசி நாற்றத்தோடு.

"கை மரத்துப் போவுது, கன்னிகா."

டக்.

மகளின் காய்ந்த கவுனின் மேல், இடுப்பைச் சுற்றி, ஈரமாய் ஒரு கோடு.

டக்.

கயிற்றின் அகலம்.

நீண்ட இடைவெளி.

டக்.

கோடு இறுகியது.