கரண்டி காட்டிக் கைது செய்!

"எங்க தாத்தா தனி ஆளா... கையில துப்பாக்கி இல்லாம... வெறும் சோத்துக் கரண்டியை வெச்சு, நாற்பது எதிரிச் சிப்பாய்ங்களைக் கைது பண்ணிக் கூட்டிட்டு வந்தார்!"

காது உள்ள எவனும் இதை நம்பமாட்டான்.

ஆனால், ஊர் நம்பியது!

முப்பது வருஷம்! பள்ளி ஆண்டு விழா, கடை திறப்பு, கல்யாண வரவேற்பு... மைக் கண்ட இடமெல்லாம் பேரன் இதையே முழங்கினால் ஊர் என்னதான் செய்யும்? பேரனுக்கு 'பீரங்கி' என்று பட்டப்பெயர் வைத்தது. தாத்தாவுக்குச் சிலையே வைத்துவிட்டது! ராணுவச் சமையல்காரர், கையில் கரண்டியோடு, வெண்கலத்தில்... பேருந்து நிலைய முனையில் தார்ப்பாய் போர்த்தி நின்றார்.

நாளைக்குத் திறப்பு விழா.

இன்று காலை... சிலையின் பீடத்துக்கு வாசகம் எழுத வேண்டியவர் செத்துக் கிடந்தார்!

இன்ஸ்பெக்டரம்மா மாடி அறை வாசலில் நின்று பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் அந்தக் கரண்டிக் கதையைக் கேட்டுத்தான் காக்கிச் சட்டைமேல் ஆசைப்பட்டவர் அவர்.

தரையெல்லாம் நகல் தாள்கள். மேஜையில் பூதக்கண்ணாடி, சட்டத்திலிருந்து கழற்றிய பழைய பதக்கம். நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவே, குப்புற, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். பின்மண்டையில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது.

பீரங்கியின் தங்கை கணவர்!

நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சுவரோரம் தங்கை. அவள் தோளைப் பிடித்தபடி பீரங்கி அழுதார். தெருக்கோடி நாய் எழுந்து ஓடும் அளவுக்கு அழுதார்!

"நைட் டியூட்டி முடிச்சு வந்து கதவைத் திறந்தேன் மேடம்... லைட் எரிஞ்சிட்டே இருந்துச்சு..."

"கடைசியா எப்பப் பேசினார்மா?"

"நேத்து மத்தியானம். சாப்பாடே இறங்கல அவருக்கு. ராணுவ ஆவணக் காப்பகத்துலேர்ந்து தாத்தாவோட ஃபைல் வந்திருந்துச்சு..."

"எங்க தாத்தா பெருமையைக் கல்லுல வெட்டணுமில்ல? அதுக்காக வரவழைச்சோம்!" என்று பீரங்கி குறுக்கே புகுந்தார்.

"பெருமையா?" தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "கூட இருந்த சிப்பாய்ங்களோட கம்பளியைத் திருடி வித்து, ஜெயிலுக்குப் போனவர்னு இருந்துச்சு மேடம். பேரும் சரி, பதக்கத்து விளிம்புல இருக்கற நம்பரும் சரி, அச்சா பொருந்துதாம். நேத்து காலையிலயே அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார்."

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்... வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும் மாப்பிள்ளைன்னேன். அவரும் சரின்னுட்டார்!"

"அவர் எங்க சரின்னார் அண்ணா? 'பொய்யைக் கல்லுல வெட்ட என்னால எழுதித் தர முடியாது'ன்னுதானே சொன்னார்?"

பீரங்கியின் அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது.

"மேடம்! இங்க பாருங்க!"

அலமாரிக்கு அடியிலிருந்து ஏட்டு எதையோ கைக்குட்டையால் எடுத்தார்.

ஒரு கரண்டி! சுண்டுவிரல் நீளத்தில், வெண்கலத்தில்!

"சின்ன மாதிரிச் சிலையோட கரண்டி மேடம்," என்றாள் தங்கை. "சிலை ஒரு முழ உயரம் இருக்கும். சிற்பி குடுத்தது. மேஜை மேலதான் நின்னுட்டிருந்துச்சு..."

மேஜைத் தூசியில் வட்டமாக ஓர் இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கரண்டி இருக்கிறது... தாத்தாவைக் காணோம்!

"சார், உங்க கார் டிக்கியைத் திறக்கலாமா?"

"என் காரையா? நான் யாருன்னு தெரியுமா? எங்க தாத்தா..."

"அவர் உள்ள இருக்காரான்னுதான் சார் பார்க்கப் போறோம்!" என்றார் ஏட்டு.

இருந்தார்.

பூத்துண்டில் சுற்றி, கரண்டி ஒடிந்த வெறும் கையோடு, தலையில் ரத்தத்தோடு!

"குளத்துல வீசியிருக்கலாமே சார்?"

"மனசு வரலம்மா... தாத்தாவாச்சே!"

பீரங்கி கார்மீது சாய்ந்துவிட்டார். அதற்குமேல் கேட்கவே தேவையில்லாமல் கொட்டினார்.

"நேத்து சாயங்காலம் போன் பண்ணினான். 'உடனே வாங்க மச்சான், ஃபைல் விஷயமா ஒண்ணு சொல்லணும், உங்க மூஞ்சியை நேர்ல பார்க்கணும்'னு சிரிச்சான்மா! நாளைக்கு மேடையில படிச்சு மானத்தை வாங்கப் போறான்னு நினைச்சேன். வந்தேன். மச்சான்னு வாயைத் திறந்துட்டு, தாளை எடுக்கத் திரும்பினான். அப்பவே..."

"ஒரு ஃபைல் சொன்னா உங்க தாத்தா கதை பொய்யாயிடுமா சார்?"

"பொய்தானேம்மா!" பீரங்கி கத்தினார். "கரண்டியைக் காட்டி நாற்பது பேரைப் பிடிக்க முடியுமா? எந்தக் கிறுக்கன் நம்புவான்? நான் ஒரு நாள்கூட நம்பினதில்ல!"

அந்த நேரம் பார்த்து, ஏட்டு கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள், செத்தவரின் செல்போன் அலறியது!

இன்ஸ்பெக்டரம்மா உறைக்கு மேலேயே அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், காப்பகத்துலேர்ந்து பேசறேன்," என்றது ஒரு பெண் குரல். "சரியான ஃபைலை இப்பதான் மெயில்ல அனுப்பினேன். வந்துச்சா?"

"போலீஸ் பேசறேன். அதென்ன... சரியான ஃபைல்?"

"போலீஸா! ஐயோ, முதல்ல அனுப்பினது வேற ஆளோடதுங்க. அந்தக் காலத்துல ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியா ஒண்ணுலேர்ந்து நம்பர் போடும். ஒரே பேரு, ஒரே நம்பர், ஆனா வேற பிரிவு! சாருக்கே சந்தேகம் வந்து, நேத்து மத்தியானம் பிரிவுப் பேரைச் சொல்லி மறுபடி தேடச் சொன்னார். சாயங்காலம் போன்லயே படிச்சுக் காட்டினேன். குழந்தை மாதிரி குதிச்சார்! 'மச்சானை இப்பவே கூப்பிடறேன்'னார்."

பீரங்கியின் வாய் பிளந்தது.

"என்ன படிச்சுக் காட்டினீங்க?"

"சமையல்காரருங்க அவர். மூடுபனியில வழி தவறி, எதிரிங்க முதுகுப் பக்கமே போய் நின்னுட்டார். கரண்டிக் காம்பை ஒருத்தன் முதுகுல அழுத்தி, 'சுத்தி வளைச்சாச்சு'ன்னு கத்தியிருக்கார். மொத்தப் பேரும் கையைத் தூக்கிட்டாங்க! தளபதியே கையெழுத்துப் போட்டிருக்கார். ஆனா சார் சொன்ன மாதிரி நாற்பது பேர் இல்லைங்க..."

போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நாற்பத்து மூணு!"

தங்கை படியிறங்கி வந்து அண்ணன் எதிரே நின்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நல்ல சேதி சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கார்ணா... ஒரு வார்த்தை பேச விட்டிருக்கக் கூடாதா?"

பீரங்கி தரையில் உட்கார்ந்தார். உதடு மட்டும் அசைந்தது. குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நடந்திருக்கு... நிஜமாவே நடந்திருக்கும்மா!"

ஏட்டு குனிந்து விலங்கை மாட்டினார்.

"ஊர்ல எல்லாரும் எப்பவோ நம்பிட்டோம் சார்... நீங்க ஒருத்தர்தான் பாக்கி!"